காற்று வார்த்த கவசம்

திரையில் ஒரு வெண்ணிறத் தாழ்வாரம். அதன் கோடியிலுள்ள கதவு தீப்பொறி பறக்க வெடிக்கிறது. புகைக்கு நடுவிலிருந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளைக் கவசம் பூண்ட வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பாய்ந்து வருகிறார்கள். முகம் தெரியவில்லை. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புச் சில்லுகள். வாய் இருக்கவேண்டிய இடத்தில், பல்லைக் கடித்தாற்போல் ஒரு பட்டை.

1977ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற விண்வெளிக் கதைப் படத்தின் தொடக்கக் காட்சி இது. கொடுங்கோல் பேரரசு ஒன்றின் படைவீரர்களான இவர்களுக்கு ‘ஸ்டார்ம்ட்ரூப்பர்’ என்று பெயர். படத்தை நீங்கள் பார்த்திராவிட்டாலும், அந்த வெள்ளை முகமூடியை எங்கேனும் ஒரு பொம்மையிலோ சட்டையிலோ பார்த்திருக்கலாம்.

அந்தக் கவசம் எதனால் ஆனது? எஃகா? அலுமினியமா? பீங்கானா? மூன்றும் இல்லை. உங்கள் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். அதன் தடிமனைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் இருக்குமா? கவசமும் ஏறத்தாழ அவ்வளவே தடிமனுள்ள பிளாஸ்டிக்தான். திரையில் பார்க்கும்போது கனத்த உலோகம்போலத் தோன்றுவது, கையில் எடுத்தால் சாப்பாட்டுத் தட்டுபோல வளைந்து கொடுக்கும்!

இன்று உலகின் பல நாடுகளில் இந்தக் கவசத்தைத் தாங்களே செய்து அணிவதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். தபால்தலை சேர்ப்பதுபோல் இதுவும் ஒரு பொழுதுபோக்குதானே என்று நினைக்க வேண்டாம். இதில் இயற்பியல், வேதியியல், வடிவியல், உடலியல் ஆகிய நான்கும் சேர்ந்து வேலை செய்கின்றன. எதில் கோட்டை விட்டாலும் கவசம் உடலில் ஏறாது. ஏறினாலும் போட்டவரை மயங்கி விழச் செய்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

ஆரஞ்சுப் பழத்தின் பிடிவாதம்

ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரியுங்கள். தோலைக் கிழியாமல் ஒரே துண்டாக எடுத்து மேசைமீது வைத்து அழுத்துங்கள். தட்டையாகிறதா? ஆகாது. விளிம்பில் பிளந்துகொள்ளும். எதிர்த்திசையிலும் செய்து பாருங்கள். ஒரு காகிதத்தைப் பந்தின்மேல் போர்த்துங்கள். எங்காவது சுருக்கம் விழுந்தே தீரும்.

ஆனால் அதே காகிதத்தை ஒரு தகர டப்பாவைச் சுற்றி ஒட்டினால் சுருக்கமே விழுவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? டப்பா ஒரு திசையில் மட்டும் வளைந்திருக்கிறது. மறுதிசையில் நேராக இருக்கிறது. பந்து இரண்டு திசைகளிலும் வளைந்திருக்கிறது. இரு திசைகளிலும் இவ்வாறு வளைந்த பரப்பை, நீட்டாமலும் வெட்டாமலும் தட்டையாக்க முடியாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827ஆம் ஆண்டில் நிறுவினார். உலகப் படத்தில் கிரீன்லாந்து பூதாகரமாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் வரைய, எங்கேனும் நீட்டித்தானே ஆகவேண்டும்?

கவசம் செய்பவரின் முதல் சிக்கலும் இதுவே. கடையில் கிடைப்பது தட்டையான தகடு. மனித உடலிலோ தட்டையான இடம் என்று ஒன்றுகூட இல்லை. தோள் உருண்டை, மார்பு வளைவு, தலை கிட்டத்தட்டக் கோளம். தகடு உடலுக்குப் பொருந்த இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒன்று, நீட்ட வேண்டும். அல்லது வெட்ட வேண்டும். படத்தின் கவசம் முதல் வழியில் பிறந்தது. உங்கள் கவசத்தை இரண்டாம் வழியில் செய்யலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஓவியம், களிமண், பிளாஸ்டிக்

ரால்ஃப் மக்குவாரி என்ற ஓவியரின் படங்களிலிருந்து இந்த வீரர்களின் உருவம் தோன்றியது. படத்தின் ஆடை வடிவமைப்பாளர் ஜான் மொல்லோ. இந்தப் படத்துக்காக அவர் 1978இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். ஓவியத்தைப் பார்த்துச் சிற்பிகள் களிமண்ணில் முழு அளவு உருவங்களைச் செய்தார்கள். தலைக்கவசத்தைப் பிளாஸ்டிக்கில் வார்க்கும் வேலை, லண்டனில் ட்விக்கனம் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்பவரிடம் 1976இன் தொடக்கத்தில் வந்தது. படத்துக்காக அவர் 50 தலைக்கவசங்கள் செய்து கொடுத்தார்.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் துனீசியப் பாலைவனத்தில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. நேரம் குறைவு, பணமும் அளவோடுதான். உலோகத்தைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கவசமாகச் செய்துகொண்டிருந்தால் காரியம் நடக்காது. ஒரே அச்சிலிருந்து விரைவாகப் பல பிரதிகள் எடுக்கவேண்டும். அதற்கு ஏற்ற முறை ‘வெற்றிட வார்ப்பு’. பிஸ்கட் பாக்கெட்டுக்குள் பிஸ்கட்டுகளைத் தாங்கும் குழிவான பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதே, அதைச் செய்வதும் இதே முறையில்தான்.

இதற்குப் பிளாஸ்டிக் தகட்டை முதலில் சூடாக்க வேண்டும். பிளாஸ்டிக்குகளில் இரண்டு வகை உண்டு என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். குக்கரின் கைப்பிடி செய்யும் பேக்கலைட் ‘இறுகும் பிளாஸ்டிக்’. ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி இளகாது. மற்றது ‘இளகும் பிளாஸ்டிக்’. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். கவசத்துக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகை.

கவசம் ‘ஏ.பி.எஸ்.’ என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று பொருள்களின் முதல் எழுத்துகளே அந்தப் பெயர். குழந்தைகள் அடுக்கி விளையாடும் ‘லெகோ’ கட்டைகளும் 1963 முதல் இதே பொருளால்தான் செய்யப்படுகின்றன. இதன் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். ஒரு தட்டு இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறிக் காய்ந்துபோன இடியாப்பத்தில் ஓர் இழையைத் தனியே இழுக்க முடியுமா? முடியாது. சூடாக, ஈரமாக இருக்கும்போது இழைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்லும். ஏ.பி.எஸ். சங்கிலிகளும் அப்படியே. சுமார் 105° செல்சியஸில் அவை நெகிழத் தொடங்குகின்றன. 150° செல்சியஸைத் தாண்டியதும், சட்டத்தில் பிடித்த தகடு நனைந்த துணிபோல நடுவில் தொய்ந்து தொங்கும். வார்ப்பவர் காத்திருப்பது அந்தத் தொய்வுக்காகத்தான்.

அப்படியானால் பியூட்டாடையீனுக்கு என்ன வேலை? அது ரப்பர் தன்மை தருவது. ஸ்டைரீனால் மட்டும் ஆன பிளாஸ்டிக் எளிதில் உடையும். ஏ.பி.எஸ்.ஸில் ஆங்காங்கே பரவியிருக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள், விரிசல் ஓடி வரும்போது அதை வழியிலேயே தடுத்துவிடுகின்றன. அதனால்தான் வீரன் கீழே விழுந்தாலும் கவசம் சில்லுச்சில்லாகச் சிதறுவதில்லை.

ஆனால் எல்லாத் தலைக்கவசங்களும் ஏ.பி.எஸ். அல்ல. சிலவற்றை, குடமும் வாளியும் செய்யும் அடர்த்தி மிகுந்த பாலிதீனில் வார்த்து, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். பாலிதீனில் பெயின்ட் சரியாக ஒட்டாது. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் பெயின்டால் பெயர் எழுதினால் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இழுப்பது யார்? தள்ளுவது யார்?

இளகித் தொங்கும் தகட்டை அச்சின்மீது இறக்குகிறார்கள். அச்சுக்குக் கீழே, பொடிப்பொடியாகத் துளையிட்ட ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டியிலுள்ள காற்றைப் பம்ப் வெளியேற்றுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் தகடு அச்சின்மீது ஒட்டிப் படிந்து, அதன் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் வாங்கிக்கொள்கிறது.

“வெற்றிடம் தகட்டை உறிஞ்சி இழுக்கிறது” என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அது தவறு. வெற்றிடத்தில் ஒன்றுமே இல்லை; ஒன்றுமில்லாதது எப்படி இழுக்கும்? தகட்டுக்கு மேலே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. காற்று எப்போதும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. கீழேயும் காற்று இருக்கும்வரை இரண்டு பக்கத் தள்ளல்களும் சமமாகிவிடுகின்றன. கீழ்க் காற்றை எடுத்தவுடன் மேல் காற்றின் பலம் வெளிப்படுகிறது.

அந்தப் பலம் எவ்வளவு? கணக்குப் போடுவோம். வளிமண்டல அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,00,000 நியூட்டன். தகட்டின் அளவு 50 செ.மீ. × 50 செ.மீ. என்றால் பரப்பு கால் சதுர மீட்டர். ஆகவே விசை 25,000 நியூட்டன். அதாவது, இரண்டரை டன் எடையை அந்தச் சிறிய தகட்டின்மீது சீராகப் பரப்பி வைத்ததற்குச் சமம்! இவ்வளவு பெரிய சுத்தியலைச் சந்தடியில்லாமல் அடிக்க வேறு எதனால் முடியும்?

பொழுதுபோக்காகச் செய்பவர்களில் பலர் வீட்டுத் தூசி உறிஞ்சியைப் பெட்டியில் பொருத்திவிடுகிறார்கள். அது காற்று முழுவதையும் எடுக்காது. அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். அப்போதும் அரை டன் விசை கிடைக்கிறது. தோள், தொடைத் தகடுகளுக்கு அது போதும். முகத்திலுள்ள கூரிய கோடுகள் சரியாக விழவேண்டுமானால் நல்ல வெற்றிடப் பம்ப் தேவை.

இந்தத் தள்ளலை நீங்களும் பார்க்கலாம். மெல்லிய காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றில் கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரைக் கால்பங்கு ஊற்றிக் குலுக்குங்கள். நீரைக் கொட்டிவிட்டு உடனே மூடியை இறுக மூடுங்கள். இப்போது பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ‘படக் படக்’ என்று ஒடுங்கும். உள்ளே காற்று குளிர்ந்து அழுத்தம் குறைந்தது. நீராவி நீரானதால் இன்னும் குறைந்தது. வெளிக்காற்று பாட்டிலை நசுக்கியது. உங்கள் கை அதைத் தொடக்கூட இல்லை.

இட்லித் தட்டு சொல்லும் பாடம்

வார்த்தாயிற்று. அச்சிலிருந்து எடுக்க வேண்டுமே! இட்லித் தட்டின் குழியைக் கவனித்திருக்கிறீர்களா? அடியில் குறுகி, மேலே போகப்போக அகன்றிருக்கும். அதனால்தான் இட்லி உடையாமல் எழும்பி வருகிறது. குழி குடம்போல, வயிறு பெருத்து வாய் குறுகி இருந்தால்? இட்லியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வெற்றிட வார்ப்புக்கும் இதே விதிதான். அச்சில் எங்கேனும் உள்வாங்கிய வளைவு இருந்தால், ஆறி இறுகிய தகடு அதில் மாட்டிக்கொள்ளும்.

மனிதத் தலையை மூடும் கவசமோ குடம் போன்றது. உள்ளே அகலம், கழுத்தில் குறுகல். அதை ஒரே துண்டாக வார்க்க வழியில்லை. ஆகவே முகம் தனி, தலையின் மேல்பகுதியும் பின்பகுதியும் தனி என்று வார்த்து, பிறகு பொருத்துகிறார்கள். பொருத்திய இடத்தில் பக்கவாட்டில் ஒரு கோடு தெரியுமே? அதை மறைக்கத்தான் இரு பக்கமும் காது போன்ற இரண்டு துண்டுகள்! படம் பார்க்கும்போது அவை ஏதோ வானொலிக் கருவி என்று தோன்றும்.

இன்னொரு விதியும் உண்டு. தகட்டின் விளிம்பைச் சட்டம் இறுகப் பிடித்திருப்பதால், புதிதாகப் பிளாஸ்டிக் உள்ளே வர இயலாது. இருப்பதையே நீட்ட வேண்டும். 2 மி.மீ. தகட்டின் பரப்பு நீண்டு இருமடங்கானால் தடிமன் 1 மி.மீ. ஆகிவிடும், ஏனெனில் கன அளவு மாறுவதில்லை. எனவே மிகவும் உயர்ந்து நிற்கும் பகுதிகளின் பக்கங்கள் தாள்போல மெலியும். பழகியவர்கள் அத்தகைய இடங்களில் உட்புறமாக இன்னொரு பட்டை ஒட்டிப் பலப்படுத்துகிறார்கள். சப்பாத்தி மாவை ஒரு மூலையில் மட்டும் இழுத்தால் அங்கே ஓட்டை விழுவதை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்.

புகைப்படத்திலிருந்து அளவு

படத்தில் பயன்பட்ட கவசத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்குமா? கிடைக்காது. ஆனாலும் அச்சொட்டாக அதே அளவில் செய்கிறார்கள். எப்படி? விகித சமன்பாடு இருக்கிறதே!

அந்த வீரர்களின் கையிலுள்ள துப்பாக்கி, ஸ்டெர்லிங் என்ற உண்மையான பிரிட்டிஷ் துப்பாக்கியை மாற்றியமைத்துச் செய்தது. தோள்கட்டையை மடித்த நிலையில் ஸ்டெர்லிங்கின் நீளம் சுமார் 48 செ.மீ. புகைப்படத்தில் அது 9.6 செ.மீ. நீளமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தின் 1 செ.மீ., உண்மையில் 5 செ.மீ. அதே படத்தில் தொடைத் தகடு 7 செ.மீ. இருந்தால் உண்மையில் 35 செ.மீ. முடிந்தது கணக்கு!

முடிந்ததா? அவசரப்பட வேண்டாம். துப்பாக்கி காமிராவுக்கு அருகிலும் தொடை சற்றுத் தள்ளியும் இருந்தால் கணக்கு பொய்த்துவிடும். அருகிலுள்ளது பெரிதாகத் தெரியும் அல்லவா? துப்பாக்கி காமிராவை நோக்கிச் சாய்ந்திருந்தாலும் பிழை நேரும். அதனால் அனுபவசாலிகள் ஒரு படத்தை நம்புவதில்லை. பல படங்களில் அளந்து, ஒத்துவரும் அளவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை ஐந்து முறை எடுத்துச் சராசரி காணச் சொல்வதும் இதற்காகத்தான்.

இப்படி அளந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். தலைக்கவசத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல் இல்லை! கையால் களிமண்ணில் செய்ததல்லவா? நேர்த்தியாகச் செய்ய விரும்புகிறவர்கள் அந்தக் கோணலையும் திருத்தாமல் அப்படியே செய்கிறார்கள். எது எப்படி இருக்கவேண்டும் என்ற நினைப்பை ஒதுக்கிவிட்டு, எது எப்படி இருக்கிறதோ அப்படிப் பார்க்கப் பழகுவது எவ்வளவு கடினம் என்பதை, தாவரவியல் வகுப்பில் இலையைப் பார்த்து வரைந்தவர்கள் அறிவார்கள்.

உங்கள் முன்கைக்கு ஒரு கவசம்

இப்போது இரண்டாம் வழிக்கு வருவோம். நீட்டாமல், வெட்டி ஒட்டிச் செய்யும் வழி. இதற்குச் சூடும் வேண்டாம், பம்பும் வேண்டாம். முன்கைக் கவசத்தில் தொடங்குங்கள். ஏன் முன்கை? அது ஏறத்தாழ நுனி வெட்டிய கூம்பு. கூம்பு ஒரு திசையில் மட்டுமே வளைந்தது. ஆகவே காஸ் குறுக்கே வரமாட்டார்.

மணிக்கட்டின் சுற்றளவை நூலால் அளங்கள். 14 செ.மீ. என்று கொள்வோம். முழங்கைக்குச் சற்றுக் கீழே 22 செ.மீ. இரண்டிலும் 4 செ.மீ. தாராளம் விட்டால் 18, 26. கவசத்தின் நீளம் 20 செ.மீ. இருக்கட்டும்.

கூம்பை விரித்தால் அது வட்டத்தின் ஒரு துண்டு. வெளி வில்லின் ஆரத்தை ‘அ’ என்க. உள் வில்லின் ஆரம் அதைவிட 20 குறைவு. ஒத்த முக்கோணங்களின்படி ஆரங்களின் விகிதமும் சுற்றளவுகளின் விகிதமும் சமம். அதாவது, அ : (அ – 20) = 26 : 18. தீர்த்தால் அ = 65 செ.மீ. உள் ஆரம் 45 செ.மீ. இனிக் கோணம் வேண்டும். 65 செ.மீ. ஆரமுள்ள முழு வட்டத்தின் சுற்றளவு சுமார் 408 செ.மீ. அதில் 26 செ.மீ.க்கு உரிய கோணம் 360 × 26 ÷ 408. ஏறத்தாழ 23 பாகை.

65 செ.மீ. ஆரம் வரையக் காம்பஸ் ஏது? தரையில் செய்தித்தாளை விரியுங்கள். நூலின் ஒரு முனையைத் தம்பியோ தங்கையோ விரலால் அழுத்திக்கொள்ளட்டும். மறுமுனையில் பென்சிலைக் கட்டி இரண்டு விற்களையும் வரையுங்கள். பாகைமானியால் 23 பாகை குறித்து வெட்டுங்கள். செய்தித்தாளைக் கையில் சுற்றிப் பார்த்துத் திருத்திய பிறகே, சட்டை வாங்கும்போது வரும் பெட்டி அட்டையில் வெட்டவேண்டும். அட்டை வீணானால் மனம் சோர்ந்துவிடும். செய்தித்தாள் எத்தனை முறை வீணானாலும் கவலையில்லை.

ஒட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. 18 செ.மீ. வாய் வழியாக உங்கள் கை நுழையுமா? விரல்களைக் குவித்து, கட்டைவிரலோடு சேர்த்து உள்ளங்கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். பெரும்பாலும் நுழையாது! ஆகவே இணைப்பை ஒட்டாமல் திறந்து விட்டு, அழுத்தினால் ஒட்டும் வெல்க்ரோ பட்டையால் மூடிக்கொள்ள வேண்டும்.

முன்கை முடிந்தால் தோள். இங்கே காஸ் வந்து நிற்பார். தோள் மூடி பாதிப் பந்து போன்றது. தையற்காரர் ரவிக்கையில் ‘டக்’ பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டைத் துணியை உடலின் வளைவுக்குக் கொண்டுவர அவர் கண்ட வழி அது. அதேபோல் வட்ட அட்டையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நான்கைந்து முக்கோணங்களை வெட்டியெடுத்து, விளிம்புகளை நெருக்கி ஒட்டுங்கள். அட்டை கிண்ணமாகும். வெட்டுகள் கூடக் கூட வளைவு வழவழப்பாகும். இந்த வேலையைக் கணிப்பொறியில் செய்து, எந்த உருவத்தையும் வெட்டி மடிக்கத்தக்க தாள்களாக விரித்துத் தரும் ‘பெப்பகுரா’ என்ற மென்பொருள் ஜப்பானில் உருவானது. ஆனால் முதல் தோள் மூடியைக் கையாலேயே செய்யுங்கள். எங்கே வெட்டவேண்டும் என்பது கைக்குப் பழகட்டும்.

ஓர் எச்சரிக்கை. ஏ.பி.எஸ்., பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்குகளை வீட்டு அடுப்பில் சூடாக்கிப் பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள். சூடு மிகுந்து ஏ.பி.எஸ். எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சு வாயு இருக்கும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியும் நல்ல காற்றோட்டமும் உள்ள பட்டறையில், பெரியவர்கள் செய்யும் வேலை அது.

கவசத்துக்குள் ஒரு கோடை

செய்து முடித்து அணிந்தாயிற்று. இனிமேல்தான் உடலியல் பாடம். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. விறுவிறுப்பாக நடந்தால் 300 வாட் ஆகலாம். இந்த வெப்பம் வெளியேறியே ஆகவேண்டும். வெயில் காலத்தில் அதற்கு உள்ள முக்கிய வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 300 வாட் முழுவதையும் வியர்வையே சுமக்கவேண்டுமானால், மணிக்கு 450 கிராம் ஆவியாக வேண்டும்.

கவனியுங்கள்: ‘ஆவியாக’ வேண்டும். வழிந்து சொட்டும் வியர்வை குளிர்விப்பதில்லை. பிளாஸ்டிக் கவசத்துக்குள் காற்று புகாது. சிறிது நேரத்தில் உள்ளேயிருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். பிறகு வியர்வை ஊற்றாகப் பெருகினாலும் ஆவியாகாது. உடல் வெப்பநிலை ஏறும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பிறகு மயக்கம். வெப்பத் தாக்கு உயிருக்கே ஆபத்தானது.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தலைக்கவசத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கிறார்கள். உள்ளே சிறிய விசிறி ஒன்றைப் பொருத்துகிறார்கள். மூச்சின் ஈரத்தால் கண்ணாடி மங்காதிருக்கவும் அது உதவுகிறது. கவசம் அணிந்தவரோடு, அணியாத ஒருவர் எப்போதும் உடன் நடக்கிறார். ஏனென்றால் அந்தக் கண் சில்லுகள் வழியாகக் காலடி தெரியாது. படத்திலேயே ஒரு காட்சியில், அறைக்குள் நுழையும் வீரர் ஒருவர் கதவின் மேல்விளிம்பில் தலையை இடித்துக்கொள்வார்! அதை நீக்காமல் விட்டுவிட்டார்கள். 2004இல் வந்த டி.வி.டி. பதிப்பில் ‘டொக்’ என்ற ஓசையையும் சேர்த்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இது கவசம்போலத் தோன்றுவதேயன்றிக் கவசமன்று. அடியையோ விழுதலையோ இது தாங்காது. இதை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டலாம் என்று நினைக்கவே கூடாது.

நீதிமன்றம் ஏறிய தலைக்கவசம்

“பார்த்துச் செய்வது காப்பியடிப்பதுதானே?” என்று யாராவது உங்களைக் கேட்கக்கூடும். இந்தக் கேள்வி உண்மையாகவே நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

2004இல் எய்ன்ஸ்வொர்த், தம்மிடமிருந்த பழைய அச்சுகளைக் கொண்டு தலைக்கவசங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். படத்தின் உரிமையாளரான லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கின் மையக் கேள்வி வேடிக்கையானது: தலைக்கவசம் ஒரு சிற்பமா? சிற்பம் என்றால் அதன் காப்புரிமை நெடுங்காலம் நீடிக்கும். வெறும் பயன்படு பொருளின் வடிவமைப்பு என்றால் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

2011 ஜூலையில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கலைப்படைப்பு என்பது திரைப்படம்தான்; தலைக்கவசம் அந்தப் படத்தை எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள்; அது சிற்பமன்று. அதோடு, அமெரிக்காவில் அவர் விற்றவை பற்றிய அமெரிக்கக் காப்புரிமை வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. ஆக, இருதரப்பாருக்கும் ஓரளவு வெற்றி, ஓரளவு தோல்வி. ஒரு நாட்டின் சட்டம் ஒரு விதமாகவும் மறுநாட்டின் சட்டம் வேறு விதமாகவும் இருப்பதை இது காட்டுகிறது. விற்பனை என்று இறங்கினால் இந்தக் கேள்விகளெல்லாம் வாசலில் வந்து நிற்கும்.

பணத்துக்காக அல்லாமல் செய்பவர்கள் அதே கவசத்தை வேறு இடத்துக்குக் கொண்டுசென்றார்கள். 1997இல் ஆல்பின் ஜான்சன் என்ற அமெரிக்கர் ‘501ஆம் லீஜியன்’ என்ற ரசிகர் அமைப்பைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உறுப்பினராக வேண்டுமானால் தாம் அணிந்த கவசத்தின் புகைப்படங்களை அனுப்பவேண்டும். அமைப்பின் அளவுகோலுக்கு ஒத்துவராவிட்டால், திருத்திக்கொண்டு மறுபடி அனுப்பச் சொல்வார்கள். சேர்ந்தபின் என்ன செய்கிறார்கள்? குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். அறப்பணிகளுக்கு நிதி திரட்ட உதவுகிறார்கள். தங்களுக்கென்று கூலி பெறுவதில்லை. கதையில் கொடியவர்களாக வந்தவர்களின் உடையை அணிந்து, படுக்கையிலிருக்கும் குழந்தையைச் சிரிக்க வைக்கிறார்கள்.

ஆகவே நண்பர்களே, யாராவது “காப்பி” என்று சொன்னால் வருந்தாதீர்கள். உங்கள் முன்கைக் கவசம் கையில் சரியாகப் பொருந்த, விகிதம் தெரிந்திருக்க வேண்டும். கூம்பை விரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கை நுழையுமா என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அதை யாரும் உங்களுக்காகச் செய்து தர முடியாது. நீங்கள் அணிய விரும்புவது விண்வெளி வீரனின் கவசமோ, பள்ளி நாடகத்தில் அரசரின் மார்புக் கவசமோ, எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்த விடுமுறையில் ஒரு செய்தித்தாளை எடுத்துத் தரையில் விரியுங்கள். முதல் துண்டு கோணலாகத்தான் வரும். எங்கே கோணியது என்று அளந்து, குறித்து வைத்துக்கொண்டு, இரண்டாவதை வெட்டுங்கள்.